தோல் வழியாகவும்

மேலகரத்தில் மங்களேஸ்வரிக்குப் ‘பொட்டலத்தாள் படிக்கிறவள்’ என்று ஒரு பெயர் உண்டு. தென்காசியில் எட்டாம் வகுப்பு முடித்ததோடு படிப்பை நிறுத்தி, பதினேழு வயதில் குத்தாலிங்கத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். புகுந்த வீட்டில் பஞ்சாங்கம் தவிர அச்சடித்த பொருள் எதுவும் கிடையாது. ஆனால் கடையிலிருந்து வரும் சீரகமும் கடுகும் இங்கிலீஷ் பேப்பரில்தான் சுற்றி வரும். அதைப் பிரித்து, சுருக்கத்தை நீவிவிட்டு, அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து படிப்பாள். பாதி வார்த்தை தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் கிடையாது. தெரியாத வார்த்தை வந்தால் அதைச் சும்மா விட்டுவிட்டு, அக்கம்பக்கத்து வார்த்தைகளை விசாரிப்பாள். ஒரு தாளில் மழை இல்லை, கிணறு காய்ந்தது, மாடு செத்தது என்று இருந்தது. நடுவே வாயில் நுழையாத ஒரு சொல். அது வறட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். சரி என்று சொல்லவும் ஆள் இல்லை. தப்பானால் குடிமுழுகிப் போவதும் இல்லை. பொழுதுபோக்குதானே.

1964-ம் வருஷம் ஆடி மாதத்தில் அது பொழுதுபோக்காக இல்லாமல் போயிற்று.

அந்த வருஷம் கார் நெல்லில் குருத்துப்பூச்சி கண்டமேனிக்கு விழுந்திருந்தது. புதுசாக ஒரு மருந்து வந்திருக்கிறது, அடித்த மறுநாளே பூச்சி சாகும் என்று பாவூர்சத்திரம் சந்தைக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். குத்தாலிங்கம் ஒரு டின் வாங்கிவந்தான். டின்னைச் சுற்றி ஒட்டியிருந்த தாளில் எல்லாம் இங்கிலீஷ். எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து.

“எத்தன மூடி கலக்கணும்னு பாருட்டி” என்றான்.

மங்களேஸ்வரி பார்த்துச் சொன்னாள். தாளின் கீழே மண்டையோடு போட்டு இன்னும் ஏழெட்டு வரி இருந்தது. முதல் வார்த்தை விஷம் என்று அவளுக்குத் தெரியும். “விஷம்னு போட்டிருக்கு. கையக் கழுவிட்டுச் சாப்பிடுங்க” என்றாள். மீதியெல்லாம் பெரிய பெரிய வார்த்தைகளாக இருந்தன. உலை வேறு கொதித்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டில் ஒரு சண்டை. தங்கள் முறை வருமுன்னே குத்தாலிங்கம் மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்சிவிட்டான். பக்கத்து வயல்காரர்கள் அண்ணன் பால்வண்ணநாதனிடம் வந்து நின்றார்கள். அப்பா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். வாக்கில் பிசகாதவர் என்று ஊரில் பேர். அவமானம் தாங்காமல், வேலையாட்கள் பார்க்க, இருபத்தொன்பது வயதுத் தம்பியின் கன்னத்தில் ஓங்கி ஒன்று கொடுத்துவிட்டார். குத்தாலிங்கம் ராத்திரி சாப்பிடவில்லை. விடிந்ததும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் தெளிப்பான் டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான்.

பத்து மணி இருக்கும். வேலையாள் சுடலைமாடனின் மனைவி பேராச்சி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

“அம்மா, சின்னய்யா வரப்புல விழுந்து கெடந்தாரு. வாயில நொர நொரயா வருது. எங்க வீட்டுக்காரரு தோள்ல தூக்கிப்போட்டு ரோட்டோரக் களத்துக்குக் கொண்டாந்திருக்காரு. பெரியய்யாவும் அங்கனதான் நிக்காரு.”

அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு மங்களேஸ்வரி ஓடினாள். குற்றாலத்து மலை மேகத்துக்குள் மறைந்திருந்தது. கணவாய்க் காற்று ஆளைத் தள்ளியது. ஊசி ஊசியாய்ச் சாரல்.

களத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். குத்தாலிங்கம் கம்பளியால் போர்த்தப்பட்டு மல்லாந்து கிடந்தான். முகமெல்லாம் வேர்வை. கடைவாயில் எச்சில் நூலாய் ஒழுகியது. தோளும் தொடையும் துடித்தன, மாட்டின் தோல் ஈ உட்கார்ந்த இடத்தில் துடிக்குமே, அந்த மாதிரி. அவள் பேர் சொல்லாமல் “இங்க பாருங்க, இங்க பாருங்க” என்றாள். கண் பாதி திறந்திருந்தது. கருவிழியில் பாவை கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை.

பால்வண்ணநாதன் தலையில் அடித்துக்கொண்டார். “ஒரு அடிக்குப் போயி மருந்தக் குடிச்சிட்டானே, பாவி. நான் என்ன செய்வேன்.” மூடி திறந்த மருந்து டின் அவனுக்குப் பக்கத்தில் கிடந்ததாம். அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

ஒருவர் சொம்பில் சாணியைக் கரைத்துக்கொண்டு வந்தார். வாந்தி எடுத்தால் விஷம் வெளியே வந்துவிடும். இரண்டு பேர் தாடையைப் பிடித்துத் திறக்க, முதல் வாய் ஊற்றினார்கள். அது உள்ளே இறங்கவில்லை. குத்தாலிங்கத்தின் நெஞ்சு ஒருமுறை எக்கியது. மூக்கு வழியாகக் கரைசல் வந்தது. உதடு நீலம் பாரித்தது.

“இன்னொரு வாய் ஊத்துவே” என்றது ஒரு குரல்.

மங்களேஸ்வரி புருஷன் வாய்க்குப் பக்கத்தில் குனிந்தாள். புளித்த வாந்தி வாடையும் சாணியும்தான். ஆனால் கம்பளிக்குள்ளிருந்து வேறொரு வாடை வந்தது, அழுகின பூண்டு மாதிரி. அதே வாடைதான் அந்த டின்னைத் திறந்தபோது வீடு முழுக்க அடித்தது. அவள் டின்னைத் தேடினாள். சுடலைமாடன் காலடியில் கிடந்தது. எடுத்து, தாளின் மேல் விழுந்த சாரலை முந்தானையால் ஒற்றினாள்.

விட்டுவிட்ட அந்த ஏழெட்டு வரி.

விரலை வைத்து வரி வரியாகப் போனாள். முதல் வரியில் விஷம், சீக்கிரம் என்று இரண்டு சொற்கள் தெரிந்தன. அடுத்து ‘அப்சார்ப்டு’ என்றோ என்னவோ ஒன்று, தெரியவில்லை. அதை விட்டாள். அதற்கப்புறம் ‘த்ரூ’. ரயில் மலைக்குகைக்குள் புகுந்து மறுபக்கம் போகிறது என்று பள்ளிக்கூடத்துப் பாடத்தில் ஒரு வாக்கியம் வரும், அந்த ‘த்ரூ’. வழியாக. எது வழியாக? தோல். தோல் வழியாகவும், அப்படியே, வாய் வழியாகவும்.

வாய் வழியாக விஷம் என்ன செய்யும்? உள்ளே போகும். அப்படியானால் தோல் வழியாகவும் அதையேதான் செய்யும். அந்தத் தெரியாத சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்க முடியாது.

கம்பளியை இழுத்தாள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து இடுப்புவரை ஊறிப்போயிருந்தது. சாரலில் நனைந்ததென்றால் முன்புறமும் நனைந்திருக்க வேண்டும். தெளிப்பான் டின் மூடி இறுகாமல் மருந்து விடிந்ததிலிருந்து அவன் முதுகில் வழிந்துகொண்டே இருந்திருக்கிறது.

அடுத்த வரி: எடு, கழற்று. ‘கன்டமினேட்டட்’ துணி. உடனே. தோலைக் கழுவு, சோப்பு, தண்ணீர். கன்டமினேட்டட் என்றால் என்ன துணி? கிழிந்ததா, நனைந்ததா? கழற்றி, உடனே கழுவச் சொல்கிறான் என்றால் மருந்து பட்ட துணி.

அதற்கடுத்த வரிதான் அவளை நிறுத்தியது. நோயாளி ‘கான்சியஸ்’ இல்லையென்றால், வாய் வழியாக ஒன்றும் கொடுக்காதே. கான்சியஸ் என்பதை அவள் எந்தப் பொட்டலத்திலும் பார்த்ததில்லை. பக்கத்தில் விசாரிக்கவும் வார்த்தை போதவில்லை. எது இல்லாதவனுக்கு வாயில் கொடுக்கக் கூடாது? பலம் இல்லாதவனுக்கா? காய்ச்சல் இல்லாதவனுக்கா? தப்பாக நினைத்து, இந்தச் சாணித்தண்ணீரால்தான் அவன் பிழைப்பதாக இருந்தால்?

சொம்பு மறுபடி அவன் வாய்க்குப் போனது. அந்த நீல உதட்டைப் பார்த்தாள். விழுங்கத் தெரியாதவனுக்கு. நினைவு இல்லாதவனுக்கு.

சொம்பைத் தட்டிவிட்டாள். சாணித்தண்ணீர் பால்வண்ணநாதனின் வேட்டியில் கொட்டியது.

ஒன்பது வருஷத்தில் அவள் புருஷனின் அண்ணனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று, சுவரிடம் சொல்வதுபோலச் சொல்வாள்.

“பெரியத்தான், அவங்க குடிக்கல. மருந்து தோல் வழியா எறங்கியிருக்கு. இந்தத் தாள்ல போட்டிருக்கு. வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது. சட்டையக் கழத்திக் குளிப்பாட்டணும், இப்பவே.”

“தோல் வழியாவா?” யாரோ சிரிக்காத குறை. பால்வண்ணநாதன் அவளைப் பார்க்காமல் சொன்னார்: “இது பொட்டலத்தாளா, படிச்சு வெளையாட? அவளக் கூட்டிட்டுப் போங்க. விஷத்தக் குடிச்சவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா போலீஸ் வரும். முறிப்பு மருந்து குடுக்கிற வைத்தியருக்கு ஆள் அனுப்பியிருக்கேன்.”

மங்களேஸ்வரி குனிந்தாள். சட்டையைக் காலரில் பிடித்துக் கிழித்தாள். கிழித்த துணியைத் தூர எறிந்துவிட்டு, வேட்டியையும் உருவி, கோவணத்தோடு கிடந்தவனின் அக்குளில் கை கொடுத்து வாய்க்கால் பக்கம் இழுத்தாள். அவளால் நாலு அடிக்கு மேல் முடியவில்லை. சுடலைமாடன் பெரியவரை ஒருமுறை பார்த்தான். பிறகு காலைப் பிடித்துத் தூக்கினான்.

வாய்க்கால் படியில் பேராச்சி துவைத்துக்கொண்டிருந்த சவுக்காரம் இருந்தது. முதுகு, கழுத்து, தலைமுடி என்று மங்களேஸ்வரி தேய்த்துத் தேய்த்து ஊற்றினாள். ஊரே கரையில் நின்று பார்த்தது. அவளுக்கு வெட்கப்பட நேரமில்லை. தாளின் கடைசி வரியைத் தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்: ‘ஆன்டிடோட்’ என்று ஒரு சொல், இரண்டு புள்ளி, ‘அட்ரோபின்’ என்று ஒரு சொல். டாக்டரைக் கூப்பிடு, இந்தத் தாளைக் காட்டு. இரண்டும் என்னவென்று தெரியாது. ஆனால் டாக்டர் என்ற சொல்லை ஒட்டி அட்ரோபின் உட்கார்ந்திருக்கிறது. அது டாக்டர் கையில் இருக்கும் ஏதோ ஒன்று.

குற்றாலத்தில் சீசன். ரோட்டில் கார் போய்வந்துகொண்டுதான் இருந்தது. அவள் ஈரச் சேலையோடு நடுரோட்டில் போய் நின்றாள். அருவியில் குளித்துத் திரும்பிய ஒரு அம்பாசிடர் கிறீச்சிட்டு நின்றது. ஓட்டிவந்தவர் கடையநல்லூர் ஜவுளி வியாபாரி கிதிர் முகம்மது. பின்சீட்டில் அவர் மனைவி சைதூன் பீவி.

“அண்ணாச்சி, தென்காசிக்கு. உயிர் போவுது.”

அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சைதூன் பீவி இறங்கி, “ஏத்துங்க, நான் இங்கன நிக்கேன்” என்று சாரலில் ஒதுங்கி நின்றுகொண்டார். கார் நகரும்போது முன்கதவைத் திறந்து பால்வண்ணநாதனும் ஏறினார். அப்போது இரண்டாகப் பிளந்து நின்ற தென்காசிக் கோபுரம் கண்ணில் பட்டபோது கும்பிட்டார்.

டாக்டர் சங்கரநாராயணன் சொந்தமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். “குடிச்சிட்டானா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பால்வண்ணநாதன் வாயைத் திறக்குமுன் மங்களேஸ்வரி டின்னை நீட்டி, “இல்லய்யா. தோல் வழியா. வாயில ஊத்தின சாணித்தண்ணிய நிறுத்திட்டு, குளிப்பாட்டிட்டேன். இதுல அட்ரோபின்னு இருக்கு” என்றாள்.

டாக்டர் தாளை ஒரே மூச்சில் படித்தார். குத்தாலிங்கத்தின் வாயை மோந்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், முதுகைத் திருப்பினார். “இந்த மருந்தால வந்த கேஸை நான் பார்த்ததே இல்ல” என்று சொல்லிக்கொண்டே ஊசியை எடுத்தார். அவரிடம் அட்ரோபின் குப்பி ஆறுதான் இருந்தது. இரண்டை உடைத்துப் போட்டார். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு இன்னும் ஒன்று. எச்சில் நிற்கவில்லை. மூச்சு களகளத்தது.

“இது வத்தணும். வாய் காயணும். அதுவரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும். மருந்து பத்தாது.”

“எங்க கெடைக்கும்னு சொல்லுங்க” என்றார் கிதிர் முகம்மது. டாக்டர் குற்றாலத்தில் ஒரு பெயரும் செங்கோட்டையில் இரண்டு பெயரும் எழுதிக் கொடுத்தார். கார் திரும்பிப் போயிற்று.

“வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாதுன்னு எப்படித் தெரிஞ்சுது?” என்று டாக்டர் கேட்டார். “கான்ஷியஸ்னா நினைவுன்னு படிச்சிருக்கியாம்மா?”

“படிச்சதில்ல. அப்படித்தான் இருக்கும்னு...”

“அதான். நினைவுதான். இன்னொரு வாய் ஊத்தியிருந்தா மூச்சுக்குழல்ல போயிருக்கும்.”

சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். தப்பாக இருந்திருந்தால்? என்ற கேள்வி அப்போதுதான் முழு உருவத்தோடு வந்து எதிரே நின்றது. மூன்று நாளைக்கு முன்னால் உலை கொதிக்கிறது என்று விட்டுவிட்ட வரிகளும் கூடவே வந்து நின்றன. அவள் அழவில்லை. ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மூக்கும் ஒழுகியது. துடைக்கத் துடைக்க வந்தது. எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டர் மங்கலாகத் தெரிந்தது.

நான் அழவில்லையே, என்று நினைத்தாள்.

குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். அவனை இழுத்தபோது மடியோடு அணைத்த இடம். கிழித்த சட்டையைப் பிடித்த கை. தாளின் அந்த வரி மறுபடி ஓடியது: எடு, மருந்து பட்ட துணி, உடனே. ‘அவனுடைய’ துணி என்று அங்கே போடவில்லை. யாருடையது என்றே போடவில்லை.

“பெரியத்தான்” என்றாள். “சுடலைமாடன்.”

“அவனுக்கென்ன?”

“அவரு மேல்சட்ட இல்லாம, வெறும் தோள்ல இவங்களைத் தூக்கிட்டு வந்திருக்காரு. அவ்வளவு தூரம். ஊறின சட்ட அவரு கழுத்துலயும் முதுகுலயும்தான் கெடந்திருக்கும்.”

பால்வண்ணநாதன் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்தார். வாசலில் கம்பவுண்டரின் சைக்கிள் நின்றது. கேட்காமலே எடுத்துக்கொண்டு எதிர்க்காற்றில் மிதித்தார்.

கம்பவுண்டரின் மனைவி மங்களேஸ்வரியைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டுக் குளிக்கவைத்துத் தன் சேலை ஒன்றைக் கொடுத்தாள். திரும்பி வந்தபோது டாக்டர் ஐந்தாவது குப்பியை உடைத்திருந்தார். மணி ஒன்று. ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார். குத்தாலிங்கத்தின் மூச்சு ஒவ்வொன்றும் நின்று யோசித்துவிட்டு வருவதுபோல வந்தது. அவள் எண்ண ஆரம்பித்தாள், பயமாக இருந்தது, நிறுத்திவிட்டாள். ஆறாவதும் போயிற்று.

ஒன்றரை மணிக்குக் கார் வந்தது. கிதிர் முகம்மது கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு முதலில் இறங்கினார். முன்சீட்டில் சைதூன் பீவி உட்கார்ந்திருந்தார். பின்கதவைத் திறந்து பால்வண்ணநாதன் இறங்கினார். இடுப்பில் ஈர வேட்டி. காதோரம் சோப்பு நுரை காயாமல் இருந்தது. அவர் தோளில் சாய்ந்துகொண்டு, அவருடைய ஜரிகைத் துண்டைக் கட்டிக்கொண்டு சுடலைமாடன் நின்றான். கடைசியாகப் பேராச்சி.

“பித்தம்னு நெனச்சு புளியமரத்தடியில படுத்துக் கெடந்தாரும்மா” என்று பேராச்சி மங்களேஸ்வரியிடம் சொன்னாள். “ரெண்டு தடவ வாந்தி எடுத்தாச்சு. பெரியய்யா சைக்கிள வாய்க்காலுக்குள்ளயே போட்டுட்டு ஓடி வந்தாரு. நான் தொடலாமான்னு நிக்கேன், அவரே எறங்கி, அவரே சவுக்காரத்தப் போட்டுத் தேச்சாரு. கரையில நிக்கவங்க ஒருத்தரும் பேசல. அப்புறம் ரோட்டுல ஓடிப் போயி இந்தக் கார மறிச்சாரு.”

பெட்டியில் பதினெட்டுக் குப்பிகள் இருந்தன. சுடலைமாடனுக்கு இரண்டு போதுமாக இருந்தது. குத்தாலிங்கத்துக்கு இன்னும் ஒன்பது. நாலு மணிவாக்கில் முகம் சிவந்து, கடைவாய் உலர்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, அவன் புலம்பத் தொடங்கினான். யாரையோ மடையை அடைக்கச் சொன்னான். பிறகு, “தண்ணி” என்றான். டாக்டர் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நினைவு தெளிந்தது. பால்வண்ணநாதன் கட்டில் பக்கம் போய், அடிக்குரலில் கேட்டார்.

“ஏலே, நீ குடிக்கலையே?”

குத்தாலிங்கம் அவரைப் பார்த்தான். “எதுக்குண்ணே குடிக்கணும்? காத்து எதுத்து அடிச்சுது. முதுகு வேற குளுகுளுன்னு இருந்துது. சாரல்னு நெனச்சேன்.”

அண்ணன் அவனுடைய கன்னத்தில், முந்தின நாள் அடித்த அதே இடத்தில், கையை வைத்தார். எடுக்கவே இல்லை. மங்களேஸ்வரி அறைக்கு வெளியே வந்துவிட்டாள்.

நாலாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். புரட்டாசி வரைக்கும் குத்தாலிங்கத்தால் நடுங்காமல் ஒரு தம்ளரைத் தூக்க முடியவில்லை. சுடலைமாடன் ஒரு வாரத்தில் வேலைக்கு வந்தான். ஆனால் அந்த மருந்தைத் தொடமாட்டேன் என்று பெரியவரிடமே சொன்னான். “தொடாத” என்றார் அவர்.

மேலகரத்தில் இன்னும் ஐந்து வீட்டில் அதே டின் இருந்தது. பால்வண்ணநாதன் வந்து அடுப்பங்கரை வாசலில் நின்றார். நடுவில் ஆள் வைக்காமல், அவள் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

“மங்களம், அஞ்சு வீட்டுக்கும் போகணும். நான் சொன்னா சரியா வராது. நீ வாறியா?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவரோடு தெருவில் இறங்கி நடந்தாள். முதல் வீட்டில் ஆண்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் டின்னைக் கொண்டுவரச் சொல்லி, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதல் வரியிலிருந்து தமிழில் சொல்லத் தொடங்கினாள்.